நீங்கள் சிவப்பு அடித்த ஒன்றியத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவமனைகளின் கணினிப் பதிவுகளை வைத்துப் புற்றுநோய் ஆய்வு நடத்தும் குழுவினர், அந்த ஆய்வுக்கு ஒப்புதல் அளித்த நெறிமுறைக் குழுவினர்.

ஐயா, அம்மையீர்,

என் அக்கா மகளின் பதிவில் தவறாக ஏறிய புற்றுநோயைத் திருத்தச் சொல்லி எழுதியிருந்தேன். உங்கள் பதில் கிடைத்தது. பெயரும் கதவு எண்ணும் நீக்கிய தரவு என்பதால் தனிநபர் பதிவைத் திருத்த வழியில்லை என்று ஒரு வரி. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் சிறு பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று இன்னொரு வரி. முதல் வரி எனக்குப் புரிகிறது. இரண்டாவது வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வரியை நம்பித்தான் எங்கள் இரண்டு மாவட்டப் படத்தில் புற்றுநோய் அதிகம் என்று சில ஒன்றியங்களுக்குச் சிவப்பும், குறைவு என்று சிலவற்றுக்குப் பச்சையும் அடித்து, ஊர் கூடியிருந்த கூட்டத்தில் திரையில் காட்டினீர்கள். ஆகவே நானும் ஊரறியவே எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டிஸ்சார்ஜ் ஆகி வரும் கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டி, டாக்டர் கிறுக்கியதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு தரும் ஐ.சி.டி.-10 புத்தகத்தைப் பார்த்துக் கோட் போடுவது என் வேலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கோட் போடும் வேலை எங்கள் மேசையை விட்டு ஓ.பி. கவுன்ட்டருக்கும் வார்டுக்கும் போனது. கரையான் அரித்த ஃபைல் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவள் நான். கம்ப்யூட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு புற்றுநோய்க் கோட் அதற்குள் எப்படிப் போய் உட்காருகிறது என்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததாக அன்றைய கூட்டத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதைச் சொல்கிறேன்.

மார்பில் கட்டி என்று ஒரு பெண் வருகிறாள். டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் ‘சி.ஏ. பிரெஸ்ட்’, அதாவது மார்பகப் புற்று, என்று எழுதுகிறார். அந்தக் கேள்விக்குறிக்கு என்ன அர்த்தம் என்று எந்த ஹவுஸ் சர்ஜனைக் கேட்டாலும் சொல்வார்: சந்தேகம்தான், இன்னும் உறுதியில்லை. சீட்டு கம்ப்யூட்டருக்குப் போகிறது. டயக்னோசிஸ் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த திரை வராது. கட்டத்தில் கேள்விக்குறிக்கு இடம் கிடையாது. ‘பிரெஸ்ட்’ என்று அடிக்க ஆரம்பித்ததும் கீழே விழும் பட்டியலில் மார்பகப் புற்றுக்கான சி50 முன்னால் நிற்கிறது. வெளியே வரிசை வேப்பமரம்வரை நீண்டிருக்கிறது. ஒப்பந்தச் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் எதைத் தொடுவாள்? கட்டி என்று மட்டும் குறிக்க என்63 இருக்கிறது. புற்றுநோயோ என்ற சந்தேகத்தில் பரிசோதிக்கிறோம் என்று குறிக்க இசட்03.1 இருக்கிறது. இரண்டையும் தேடி எடுக்க நேரம் வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். போதாக்குறைக்குக் காப்பீட்டு அனுமதி. வெறும் ‘கட்டி’ என்று அனுப்பினால் விளக்கம் கேட்டுத் திரும்பி வருகிறது. ‘புற்றுநோய்’ என்றால் சீக்கிரம் நகர்கிறது. நோயாளிக்கு நல்லது செய்வதாக நினைத்தே அந்தக் கோட் போடப்படுகிறது. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

என் அக்கா மகளுக்கு நடந்தது இதுதான். இரண்டாவது குழந்தை பால் மறந்த பிறகு இடது மார்பில் கட்டி, சிவப்பு, வலி. ஓ.பி.யில் சி50 விழுந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்தது: கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ். புற்று இல்லை. பிள்ளை பெற்றுச் சில வருடங்களில் பெண்களுக்கு வரும் ஒருவகை அழற்சி. தொட்டால் கல்லாக இருக்கும், ஸ்கேனிலும் புற்றைப் போலவே ஏமாற்றும். காசநோயும் இல்லை என்று பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள், ஆறிப்போனது. விட்டது சனி என்றிருந்தோம். பிறகொரு சமயம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று போனபோது, மயக்க மருந்து டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “கீமோ எத்தனை சைக்கிள் முடிஞ்சதும்மா?” பக்கத்தில் அவள் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

அன்று முளைத்த சந்தேகம் அந்த வீட்டில் இன்னும் முழுதாகத் தீரவில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள், கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்ட.

பழைய சி50-ஐ எடுத்துவிடச் சொல்லி மருத்துவமனையில் கேட்டோம். புதிய டயக்னோசிஸைச் சேர்க்கலாம், பழையதை அழிக்க முடியாது என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மருத்துவப் பதிவில் ஏறியதை அழிக்கக் கூடாது என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அழிக்காமலே ‘இது இல்லை என்று ஆகிவிட்டது’ எனக் குறிக்க வழி உண்டு. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் எடுத்துக்கொண்ட, மருத்துவப் பதிவுகளைப் பகிர்வதற்கான எஃப்.ஹெச்.ஐ.ஆர். தரத்தில் ஒவ்வொரு நோய்க்கும் பக்கத்தில் ‘உறுதியானது’, ‘தற்காலிகமானது’, ‘மறுக்கப்பட்டது’, ‘தவறாகப் பதிவானது’ என்று நிலையைக் குறிக்கும் இடமே இருக்கிறது. எங்கள் பக்கத்து மென்பொருளில் அந்தக் கட்டத்தை நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருந்திருந்தாலும் நீங்கள் அதைப் பார்த்திருக்கப் போவதில்லை. உங்கள் ஸ்லைடில் நீங்களே போட்டிருந்த விதி இது: சி எழுத்தில் தொடங்கும் கோட் ஒரு முறையாவது வந்தவர் புற்றுநோயாளி. ஆக, என் அக்கா மகள் உங்கள் கணக்கில் மார்பகப் புற்றுநோயாளி. பெயர் மட்டும்தான் போய்விட்டது. நோய் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, இது எங்கள் மண்ணுக்கே உரியது. என் சித்தப்பா பென்னாகரம் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர். அறுபதைத் தாண்டியதும் முதுகு வளையவில்லை, கழுத்து திரும்பவில்லை. வெளியூர் ஒன்றில் எக்ஸ்ரே எடுத்தபோது முதுகெலும்பும் இடுப்பெலும்பும் வெள்ளை வெளேரென்று இருந்தன. வயதான ஆண், எலும்பு அடர்ந்து வெளுத்திருக்கிறது என்றால் புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவியிருக்குமோ என்று எந்த டாக்டரும் யோசிப்பார், யோசிக்கத்தான் வேண்டும். கேள்விக்குறியோடு எழுதினார்கள். கம்ப்யூட்டரில் கேள்விக்குறி இல்லாமல் சி79.5, அதாவது எலும்புக்குப் பரவிய புற்று, ஏறியது. புராஸ்டேட் புற்றுக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. பிறகு இந்தப் பக்கத்து மனிதர்களைப் பார்த்துப் பழகிய ஒரு ரேடியாலஜிஸ்ட், முதுகை விட்டுவிட்டு முழங்கைக்குக் கீழே ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருக்கும் சவ்வு சுண்ணாம்பு ஏறித் தெரிந்தது. ஃபுளோரோசிஸ். தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு வருடக்கணக்கில் எலும்பில் படிந்த நோய். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது என்று இந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எலும்புக்குப் பரவிய புற்று என்று கோட் விழுந்தவர்களில் எத்தனை பேருக்குக் கை எக்ஸ்ரே எடுக்கப்பட்டது என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டீர்களா? காசநோயும் இப்படித்தான். நெறிகட்டியைப் பார்த்து லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று என்றும், நுரையீரல் நிழலைப் பார்த்துப் புற்று என்றும் முதலில் எழுதி, பிறகு காச நோய் மாத்திரையில் குணமானவர்களின் கேஸ் ஷீட்டுகள் என் கையில் எத்தனையோ வந்திருக்கின்றன.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தைச் சொல்கிறேன், அதுதான் எனக்கு அதிக வயிற்றெரிச்சல்.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய நோய் என்றால் பெங்களூருதான். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் சேலம் போவார்கள். இன்னும் சிலர் வேலூர், சென்னை. என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் அம்மா அஞ்செட்டிப் பக்கம். மாதவிடாய் நின்று வெகுநாள் கழித்து ரத்தம் பட ஆரம்பித்தது. உள்ளூரில் காட்டியபோது சீட்டில் ஏறியது ‘ரத்தசோகை’. ஊசி போட்டார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் பெங்களூரில் கர்ப்பப்பை வாய்ப் புற்று என்று கண்டுபிடித்துக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். முற்றியிருந்ததால் பலனில்லை, வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். இறந்தபோது ‘மாரடைப்பு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் மாவட்டக் கம்ப்யூட்டர் எதிலும் அந்த அம்மாவின் புற்று இல்லை. நீங்கள் எங்கள் மாவட்ட மருத்துவமனைகளின் தரவை மட்டும்தான் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் படத்தில் அந்த ஒன்றியம் பச்சை.

சிவப்பை விடப் பச்சைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராம் வண்டி எங்கே போக வேண்டும், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாம் எங்கே போட வேண்டும் என்று யாராவது உங்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்தால், மலையில் இருப்பவளுக்கு வண்டி வராது.

இரண்டு வகைப் பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்கிறீர்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு முறை சோறு போட்டுப் பக்கத்து வீட்டைப் பட்டினி போட்டாலும் சராசரி சரியாகத்தான் வரும். பெரிய எண்ணிக்கை என்ற சமாதானமும் நிற்காது. ஒரு பேச்சுக்கு 10,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் புற்று உள்ளவர்கள் 20 பேர். அத்தனை பேரையும் பதிவு தவறாமல் பிடித்துவிட்டது என்றே இருக்கட்டும். மீதி 9,980 பேரில் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் தவறாகச் சி கோட் விழுந்தால் அது சுமார் 100 பேர். பட்டியலில் 120 பேர் வருவார்கள். ஆறில் ஒருவருக்குத்தான் நோய். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்குச் சரியாகக் கோட் போடும் ஆஸ்பத்திரியிலேயே இந்தக் கதி. ஆள் எண்ணிக்கையை லட்சமாக்கினாலும் இந்த ஆறில் ஒன்று மாறாது.

இதற்கு மேல் ஆள் குழப்பம். எங்கள் பக்கம் முனியம்மாவும் மாதம்மாளும் தெருவுக்கு நாலு பேர். ஒரு ஆஸ்பத்திரியில் அப்பா பெயரோடு, இன்னொன்றில் புருஷன் பெயரோடு. வயது கேட்டால் “ஒரு அம்பது போட்டுக்க”. ஒரே மாதம்மாள் உங்கள் கணக்கில் இரண்டு மாதம்மாளாக இருக்கலாம். பத்து வருடத்துக்கு முன்னால் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருப்பவர் செக்-அப்புக்கு வந்தால் ‘முன்பு இருந்தது’ என்பதற்கு இசட்85 போட வேண்டும். மறுபடியும் சி50 போடுகிறார்கள், நீங்கள் இந்த வருடத்துப் புது நோயாளியாக எண்ணுகிறீர்கள்.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. முறையாகப் புற்றுநோயை எண்ணுகிறவர்கள் இந்தக் குழியெல்லாம் தெரிந்தே நடக்கிறார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் கீழ், சென்னைக்கான பதிவேடு நடக்கிறது. 2012-இல் மாநிலம் முழுவதற்குமாகத் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் வந்தது. பதிவேட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரி, லேப், இறப்புப் பதிவு என்று எல்லா வாசலிலும் தகவல் எடுத்து, ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு பதிவிலும் எதை வைத்து உறுதி செய்தார்கள் என்று குறிக்கிறார்கள்: திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தா, ஸ்கேனை வைத்தா, இறப்புச் சான்றிதழை மட்டும் வைத்தா. அவர்கள் பயன்படுத்தும், கட்டிகளுக்கென்றே உள்ள ஐ.சி.டி.-ஓ குறியீட்டில் சாய்கோட்டுக்குப் பிறகு ஒரு இலக்கம் வரும். 0 என்றால் சாதாரணக் கட்டி, 1 என்றால் இப்படியா அப்படியா என்று சொல்ல முடியாதது, 2 என்றால் இன்னும் பரவாமல் இருந்த இடத்திலேயே இருப்பது, 3 என்றால் புற்று. லேப் ரிப்போர்ட்டைப் படிக்காமல் அந்த ஒரு இலக்கத்தைப் போட முடியாது. இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்களின் கம்ப்யூட்டர் பதிவுகளை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் அவற்றைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கேயே ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போவதும், நோய் கண்ட தேதி மாறுவதும் வெளிவந்திருக்கின்றன. அவர்கள் எவ்வளவு பொருந்துகிறது என்று கணக்கோடு அச்சிடுகிறார்கள். உங்கள் அறிக்கைச் சுருக்கத்தில் அந்தப் பகுதியே காணோம்.

அந்தப் படம் காட்டிய பிறகு ஊரில் என்ன நடக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாந்தோப்பு மருந்துதான் காரணம் என்று ஒருவர், கிரானைட் குவாரி என்று ஒருவர், ஓசூர்த் தொழிற்சாலைகள் என்று ஒருவர். டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். எங்கள் ஒன்றியத்துக்குப் பெண் கேட்டு வந்தவர்கள், “உங்க பக்கம் கேன்சர் ஜாஸ்தியாமே” என்று விசாரிக்கிறார்கள். ஒருவேளை நிஜமாகவே ஜாஸ்தியாக இருக்கலாம். பூச்சி மருந்துக்கும் குவாரிக்கும் பங்கு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆய்வு? யாருக்கு நோய் என்பதே சரியில்லாதபோது காரணத்தை எங்கே போய்த் தேடுவீர்கள்?

சட்டத்தைக் காட்டியும் எழுதியிருந்தீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமையைச் சொல்கிறது, ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கும் வைத்திருக்கிறது, நானும் படித்தேன். அந்த விலக்கு, என் வீட்டுப் பெண்ணுக்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து உங்களை விடுவிக்கலாம். கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்து விடுவிக்காது.

ஆய்வுக் குழுவினரிடம் நான் கேட்பது இவை. அந்த வண்ணப்படத்தை இப்போதைக்கு எடுத்துவையுங்கள். சரிபார்க்கும்வரை எந்தக் கூட்டத்திலும் காட்டாதீர்கள், எந்தத் துறைக்கும் திட்டமிட அனுப்பாதீர்கள். உங்களிடம் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் மருத்துவமனையில் இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும், ஒவ்வொரு வகைப் புற்றிலிருந்தும் குலுக்கல் முறையில் கொஞ்சம் பதிவு எண்களை எடுத்து அங்குள்ள ரெக்கார்டு செக்‌ஷனிடம் கொடுங்கள். அவர்கள் கேஸ் ஷீட்டையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பார்த்து, ‘உறுதி’, ‘இல்லை’, ‘தெரியவில்லை’ என்று எண்ணுக்கு நேரே எழுதித் தரட்டும். பெயர் வெளியே வராது. அதற்கு ஆகும் சம்பளத்தை உங்கள் நிதியிலிருந்து கொடுங்கள். இருக்கிற வேலையோடு சேர்த்துச் செய்யச் சொன்னால் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். புற்றுநோய் என்று நீங்கள் எண்ணியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு அது உண்மை என்று வகைவாரியாக, ஒன்றியவாரியாக வெளியிடுங்கள். எலும்புக்குப் பரவிய புற்று என்ற பட்டியலைத் தனியாக எடுத்து, ஃபுளோரைடு பாதித்த ஊர்களில் முழுவதுமாகப் பாருங்கள்.

‘ஒரு முறை சி கோட்’ என்ற விதியைக் கைவிடுங்கள். திசு ரிப்போர்ட், அல்லது ஆபரேஷன், கீமோ, கரண்ட் சிகிச்சை நடந்ததற்கான பதிவு, இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் உறுதி என்று எண்ணுங்கள். மற்றதைச் சந்தேகம் என்று தனிக் கணக்காக வையுங்கள். விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்க மாநிலப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பெங்களூரு, சேலம், வேலூர் போனவர்களைச் சேர்க்க அந்தந்த மருத்துவமனைகளிடம் எழுதிக் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீடு வீடாகப் போகும் பெண்களுக்கும் கிராமச் செவிலியர்களுக்கும் எந்தத் தெருவில் யார் எங்கே போய் வைத்தியம் பார்த்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று தெரியும். உரிய அனுமதியோடு, உரிய ஊதியத்தோடு அவர்களைக் கேளுங்கள். பச்சை ஒன்றியங்களில் முதலில் கேளுங்கள்.

நெறிமுறைக் குழுவினரே, ஒப்புதல் தரும்போது ரகசியத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். தரவு உண்மையா என்று கேட்டீர்களா? ஆய்வின் அறிவியல் தகுதியைப் பார்ப்பதும் உங்கள் கடமை என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சரிபார்ப்பு அறிக்கை வரும்வரை இந்த ஆய்வின் முடிவுகளை வெளியிட அனுமதி தராதீர்கள். சரிபார்ப்பில் ‘இல்லை’ என்று தெரியவரும் ஒவ்வொரு பதிவும் அந்தந்த மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், ‘மறுக்கப்பட்டது’ என்று நோயாளியின் கணினிப் பதிவில் ஏற வேண்டும் என்பதை ஒப்புதலின் நிபந்தனையாகவே எழுதுங்கள். இனி மருத்துவமனைப் பதிவுகளைக் கேட்டு வரும் எந்தப் புற்றுநோய் ஆய்வுக்கும் இதே நிபந்தனை இருக்கட்டும்.

இந்த மடலின் அச்சுப் பிரதியை இரு குழுக்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அக்கா மகளின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு அவள் பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலும் அதில் இருக்கிறது. பதில் எனக்குத் தனியாக வேண்டாம். படத்தைக் காட்டிய அதே கூட்ட அரங்கில், தமிழில், எல்லாரும் கேட்கும்படி சொல்லுங்கள். என்றைக்கு என்று மட்டும் முன்கூட்டியே அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருத்தி,
தருமபுரி